லாரிக்கும் நேரம் பார்த்த காலம்

மலர்க் குழுவினர் "நம்ம ஊர்ப் பக்கத்து வரலாறு ஒன்று எழுதுங்கள்" என்று கேட்டதும், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற டாங்கும் சைக்கிளும் டயரும் எனக்கும் நினைவுக்கு வந்தன. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எழுதப்படாத சின்ன விஷயம் ஒன்று உண்டு. நம்மவர்கள் கல்யாணத்துக்கு நேரம் பார்ப்பார்கள், கிரகப்பிரவேசத்துக்கு நேரம் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் வீட்டு வாசலில் நின்ற லாரிக்கும் நேரம் பார்த்தார்கள். பட்டறை பாஷையில் அதற்கு "டைமிங் வைக்கிறது" என்று பெயர்.

இக்னிஷன் டைமிங் என்கிற அந்த வேலையின் கதையைச் சொன்னால் இந்த மேற்குப் புறநகரின் நூறு வருஷக் கதையில் பாதி வந்துவிடும். மீதிப் பாதிக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

நேரம் என்றால் எந்த நேரம்?

மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறி, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அமுக்குகிறது. பிளக்கில் தீப்பொறி விழுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி விட்டால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் கலவை வெடிகுண்டு மாதிரி ஒரே நொடியில் வெடிப்பதில்லை. அடுப்பில் தீ பரவுவது போலப் பரவுகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே பொறியை விட்டாக வேண்டும். எவ்வளவு முன்பு என்பதைக் கிராங்க் சுழலும் பாகையில் சொல்வார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. கலவை எரிய 2 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் சும்மா ஓடும்போது அந்த நேரத்தில் கிராங்க் 7 பாகை சொச்சம் திரும்பும். 2,400 சுற்றில் ஓடும்போது ஏறக்குறைய 29 பாகை திரும்பிவிடும். வேகம் கூடக் கூடப் பொறி முந்த வேண்டும் என்பது இதிலேயே விளங்கும். முந்துவது அட்வான்ஸ், பிந்துவது ரிடார்ட். ரொம்ப முந்தினால் எஞ்சின் 'தட்டும்'. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் வரும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். ரொம்பப் பிந்தினால் இழுவை இருக்காது, சைலன்சர் பைப் சிவக்கும், ரேடியேட்டர் கொதிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல நேரம் இருக்கிறது. அது வண்டிக்கு வண்டி, எரிபொருளுக்கு எரிபொருள் மாறும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க அதுதான்.

கை ஒடித்த ஹேண்டில்

ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி காரிலும், 1917-ல் வந்த அதன் லாரி வடிவமான டிடி-யிலும் ஸ்டியரிங்கின் இடப்பக்கம் ஒரு சின்ன லீவர் உண்டு. அதுதான் டைமிங். ஓட்டுகிறவரே வேகத்துக்கும் மேட்டுக்கும் தகுந்தபடி அதை ஏற்றி இறக்குவார். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யுமுன் லீவரை ரிடார்ட்டில் வைக்க மறந்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு ஒடிந்தவர்கள் ஏராளம். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலைச் சுற்றிப் போடாமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைக்கச் சொல்லி அந்தக் கால டிரைவர்கள் கிளீனர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததன் காரணம் இதுதான்.

1926-ல் ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் காலூன்றியது. பம்பாய், கல்கத்தாவோடு சென்னையிலும் அதற்குக் கிளை இருந்தது. அமெரிக்காவில் அதற்கு முன்பே சார்லஸ் கெட்டரிங் என்பவர் பேட்டரி, காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்று இன்று நாம் அறிந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டார். 1912-ல் கெடிலாக் காரில் அவருடைய மின்சார ஸ்டார்ட்டரும் வந்தது. பின்னால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன எடைக்கற்கள் வந்து உட்கார்ந்தன. வேகம் கூடினால் அவை விரிந்து பொறியைத் தாமே முந்தச் செய்யும். லீவர் ஓட்டுநர் கையிலிருந்து பானட்டுக்குள் போய்விட்டது. ஓட்டுகிறவருக்குப் பதிலாக இனி மெக்கானிக் நேரம் பார்க்க வேண்டியதாயிற்று.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. எஞ்சின் தட்டுவதற்குக் கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று அப்போது பழி சொன்னார்கள். பழியைத் துடைக்க அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். எரிபொருளில்தான் குற்றம் என்று தெரிந்தது. அவருக்குக் கீழ் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் பெட்ரோலில் ஈயம் கலந்தால் தட்டல் நிற்கும் என்று கண்டுபிடித்தார். தட்டல் நின்றது, ஈயப் புகை உலகம் முழுவதும் பரவியது. அதன் கணக்கைத் தீர்க்க மூன்று தலைமுறை ஆயிற்று.

கரியில் ஓடிய லாரி

இரண்டாம் உலகப் போர் ஆவடியின் முகத்தை மாற்றியது. வயலும் ஏரியுமாக இருந்த இடம் பெரிய ராணுவத் தளமாயிற்று. அந்தப் போரில் காமன்வெல்த் படைகளுக்காகக் கனடாவில் மட்டும் சுமார் நாலு லட்சம் ராணுவ லாரிகளை ஃபோர்டும் ஷெவர்லேயும் செய்து அனுப்பின. இந்தியப் படைகளும் அவற்றை ஓட்டின. எல்லாம் பெட்ரோல் வண்டிகள். ஷெவர்லே ஆறு சிலிண்டர் எஞ்சினில் டைமிங் பார்க்க ஃபிளைவீலில் ஒரு சின்ன இரும்புக் குண்டு பதித்திருக்கும். பக்கத்தில் உள்ள துவாரத்தில் கண்ணை வைத்து, குண்டு முள்ளுக்கு நேராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். போர் முடிந்து இந்த மாதிரி வண்டிகள் ஏலத்தில் வெளியே வந்தபோது அந்த ஞானமும் சேர்ந்து வெளியே வந்தது.

சிவிலியன்களுக்கு அந்த ஆண்டுகளில் பெட்ரோல் ரேஷன். பஸ்ஸும் லாரியும் கரியில் ஓடின. வண்டியின் பின்னால் ஒரு பெரிய டிரம். அதில் கரி கனன்று கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும்தான் எஞ்சினுக்கு ஆகாரம். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் டிவிஎஸ் கேஸ் பிளான்ட் என்று இதைச் செய்து விற்றது. 'கரி பஸ்' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். கரி வாயுவில் ஏறத்தாழப் பாதி நைட்ரஜன், அது எரியாது. ஆகவே தீ மெதுவாகத்தான் பரவும். பெட்ரோலுக்கு வைத்த டைமிங்கிலேயே ஓட்டினால் எஞ்சின் இழுக்கவே இழுக்காது. 10 முதல் 15 பாகை வரை கூடுதலாக அட்வான்ஸ் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் பெட்ரோலில் கிடைத்த சக்தியில் பாதிக்குச் சற்று மேலேதான் தேறும். ரேஷன் தீர்ந்து பெட்ரோலுக்குத் திரும்பும்போது டைமிங்கையும் திருப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் தட்டித் தட்டியே பிஸ்டன் போய்விடும். புத்தகத்தில் போட்டிருந்த எண் இந்த இடத்தில் உதவவில்லை. கம்பெனிக்காரர் கரியை நினைத்து எண் போடவில்லையே! 'ஏன் முந்த வேண்டும்' என்று தெரிந்தவர் வண்டி ஓடியது. எண்ணை மட்டும் தெரிந்தவர் வண்டி நின்றது.

வாசலிலேயே ஒரு பட்டறை

சுதந்திரத்துக்குப் பிறகு பம்பாயில் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைக் கட்டியது. கல்கத்தாப் பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸிலிருந்து பெட்ஃபோர்டு வந்தது. ஒற்றை லாரி வைத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு மெக்கானிக் செலவு கட்டாது. வேப்ப மரத்தடியில், வீட்டு வாசலில், டைமிங் வைக்கிற வேலையை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அது எப்படி என்று இன்றைய மாணவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பாயிண்ட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் திறந்து மூடுவது தெரியும். அவை திறக்கிற கணத்தில்தான் பொறி விழும். கேம் மேட்டில் இடைவெளி சுமார் 15 'தௌ', அதாவது 0.38 மி.மீ. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரமே திறந்து டைமிங் தானாகவே முந்திவிடும். ஆகையால் கேப்பைச் சரி பண்ணாமல் டைமிங்கில் கை வைக்கக் கூடாது. இது பட்டறையில் முதல் பாடம்.

இரண்டாவது, ஒன்றாம் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவருவது. பிளக்கைக் கழற்றி, துவாரத்தைக் கட்டை விரலால் மூடி, இன்னொருவரை ஹேண்டில் சுற்றச் சொல்வார்கள். காற்று விரலைத் தள்ளினால் அமுக்கம் வருகிறது என்று அர்த்தம். "ஒண்ணும் ஆறும் ஒண்ணாத்தான் மேல வரும், பாத்து!" என்று எச்சரிப்பார்கள். ஆறு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒரே சமயத்தில் ஏறும். ஆனால் ஒன்றுக்குத்தான் அப்போது பொறி. மாறிப் போனால் கார்புரேட்டர் வழியாக வெடி கிளம்பும். பொறி போகிற வரிசை 1-5-3-6-2-4. இந்த வரிசை தெரியாத லாரிக்காரர் கிடையாது.

மூன்றாவது, பல்பு. 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் பல்பு, 12-க்கு 12. ஒரு ஒயரைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்து, சாவியைப் போட வேண்டும். குறியை முள்ளுக்கு நேராக நிறுத்தி, கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப வேண்டும். பாயிண்ட் திறக்கிற கணத்தில் பல்பு எரியும். அங்கே முடுக்கிவிட வேண்டியது. பல்பும் இல்லையா? பாயிண்ட்டுக்கு நடுவில் சிகரெட் தாளைச் செருகி லேசாக இழுத்துப் பிடிப்பார்கள். தாள் எப்போது நழுவுகிறதோ அதுதான் பாயிண்ட் திறக்கும் நேரம்.

நான்காவதுதான் முக்கியம்: காது. வண்டியை டாப் கியரில் மெதுவாக ஓட்டி, ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதிப்பார்கள். லேசாக ஒரு தட்டல் கேட்டு, வேகம் பிடித்ததும் மறைய வேண்டும். கேட்கவே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் முந்தலாம்; மறையவே இல்லையென்றால் கொஞ்சம் பிந்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இங்கே ஒரு பாகை திருப்பினால் எஞ்சினில் இரண்டு பாகை. ஆகவே 'ஒரு மயிரிழை' என்பார்கள்.

பூந்தமல்லி வழியாகப் பெங்களூர் போகிறவர்களுக்கு இன்னொரு சூட்சுமமும் தெரியும். பாரம் ஏற்றிய வண்டி சென்னைச் சமவெளியில் தட்டினாலும், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் தட்டல் குறையும். மேலே காற்றின் அடர்த்தி குறைவு, அமுக்கமும் குறைவு. அங்கே போய் நன்றாக இழுக்கட்டும் என்று டைமிங்கை முந்த வைத்துவிட்டு, திரும்பி வந்து சரக்கேற்றினால் சிக்கல்தான். பாகை ஒன்று, ஊர் இரண்டு!

பாடியில் செய்த டிஸ்ட்ரிபியூட்டர்

1950-கள் வரை பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர் எல்லாம் கப்பலில் வந்தன. தேய்ந்த பாயிண்ட்டை அரம் போட்டுத் தேய்த்தே காலம் ஓட்டினார்கள். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தைப் பற்றி எத்தனையோ விவாதம் உண்டு. ஆனால் அடுத்த பத்து ஆண்டுகளில் மாநாட்டுப் பந்தலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்ததை யாரும் மறுக்க முடியாது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே வந்துவிட்டது. பாடியில் 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டிவிஎஸ், 1962-ல் பிரேக்ஸ் இந்தியா தோன்றின. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965 டிசம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது.

இதில் நம் கதைக்கு உரியது லூகாஸ். ஸ்டார்ட்டர், டைனமோ, காயில், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகிய வண்டியின் மின்சார உறுப்புகள் எல்லாம் இந்தப் புறநகரிலேயே உருவாகத் தொடங்கின. கரி டிரம் செய்து விற்ற அதே டிவிஎஸ் குடும்பம்தான் இங்கிலாந்து லூகாஸோடு சேர்ந்து இதைச் செய்தது என்பதைக் கவனியுங்கள். பஸ் கண்டக்டர் "லூகாஸ் எறங்கு!" என்று கூவுகிற அளவுக்கு அந்தப் பெயர் ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது. கப்பலுக்குக் காத்திருந்த பொருள் நடந்து போய் வாங்குகிற பொருளானது. அதைச் செய்கிற கைகளும் இங்கேயே உருவாயின.

டீசல் வந்தது, டைமிங் வீட்டை விட்டுப் போனது

வேடிக்கை என்னவென்றால், டிஸ்ட்ரிபியூட்டர் நம்மூரில் கிடைக்கத் தொடங்கிய நேரத்தில் லாரிக்கு அது தேவைப்படாமல் போகத் தொடங்கியது. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் லாரிகளும், ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் வந்த டாடா மெர்சிடிஸும் டீசல். சென்னை சிம்ப்சன் செய்த பெர்க்கின்ஸ் பி-6 டீசல் எஞ்சினை வாங்கி, பழைய பெட்ரோல் டாட்ஜிலும் ஃபார்கோவிலும் மாற்றிப் பொருத்தினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடி மிச்சத்தையும் முடித்தது. ராணுவத்துக்காக ஜபல்பூரில் செய்த நிஸான் ஒரு டன் லாரி, ஜோங்கா மாதிரி சில பெட்ரோல் வண்டிகளில்தான் பெரிய ஆறு சிலிண்டர் டிஸ்ட்ரிபியூட்டர் நிலைத்தது. அவை ஏலத்தில் வந்து, ஆசையாக வைத்திருக்கிறவர்கள் இன்றும் வாசலில் பல்பு வைத்து நேரம் பார்க்கிறார்கள்.

டீசலில் பிளக் இல்லை, பொறி இல்லை. ஆனால் நேரம் உண்டு. எண்ணெயை எப்போது பீய்ச்சுவது என்பதுதான் அங்கே கேள்வி. அந்த வேலைக்கு பம்ப் பட்டறையும் டெஸ்ட் பெஞ்ச்சும் வேண்டும். வேப்ப மரத்தடி போதாது. டைமிங் வீட்டு வாசலைக் கடந்து கடைக்குப் போயிற்று.

பிறகு கம்ப்யூட்டர் வந்து அதைக் கடையிலிருந்தும் எடுத்துக்கொண்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபின், புது வண்டி எதிலும் கையால் திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. பெட்ரோல் காரில் எஞ்சின் உடம்பில் ஒட்டிய ஒரு சின்ன சென்சார், தட்டலைக் 'கேட்டு', அடுத்த பொறியையே பிந்தச் செய்கிறது. அந்தக் காலத்து மெக்கானிக்கின் காதேதான். என்ன, இது சோர்வதில்லை, டீக்குப் போவதில்லை.

எண் மாறும், காரணம் மாறாது

"அப்படியானால் இதெல்லாம் எதற்கு சார் எங்களுக்கு?" என்று இன்றைய மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வரலாற்றையே திரும்பப் பாருங்கள். போரில் கரி வந்தது. அட்வான்ஸ் கூட்ட வேண்டியிருந்தது. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்த காலத்தில் தட்டல் வந்தது. ரிடார்ட் செய்ய வேண்டியிருந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நின்றது. மிட்ஜ்லி தொடங்கிய கணக்கு இங்கே அன்றுதான் தீர்ந்தது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாகி இப்போது நாடெங்கும் பரவியிருக்கிறது. அதன் ஆக்டேன் 95, தட்டல் குறையும். ஆனால் பழைய கார்புரேட்டர் வண்டியில் கலவை மெலியும், பழைய ரப்பர் குழாய் ஊறிக் கெடும். ஆகவே முதலில் குழாயையும் ஜெட்டையும் சரி பார்த்துவிட்டுப் பிறகுதான் டைமிங்கில் கை வைக்க வேண்டும். இது எந்தப் பழைய லாரியின் புத்தகத்திலும் கிடையாது. கரிக்கு இல்லாத மாதிரியே எத்தனாலுக்கும் இல்லை.

கம்ப்யூட்டருக்குள் இருக்கிற டைமிங் அட்டவணையும் வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு பாரத்துக்கும் எத்தனை பாகை என்று ஒரு இன்ஜினீயர் டெஸ்ட் பெஞ்ச்சில் உட்கார்ந்து நிரப்புகிறார். நம் மாணவர்களில் பலர் அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். தட்டல் எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூடக் காதால் கேட்காமல் அந்த அட்டவணையை நிரப்பலாம், நிரப்பவும் செய்கிறார்கள். ஆனால் எண் தவறாக வரும்போது 'இது தப்பு' என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்ல வேண்டும் அல்லவா? அந்தக் குரல் எஞ்சின் பக்கத்தில் நின்றவருக்குத்தான் வரும்.

இந்த ஊரில் அந்த வேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எண்பதைத் தொட்டவர்கள்; அவர்கள் கைப்பழக்கத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. மேடையில் பொன்னாடை போர்த்துகிற செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, டிஸ்ட்ரிபியூட்டரோடு ஓடுகிற பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை நம் லேபுக்கு வாங்கித் தரலாம். வெட்டி வைத்த மாடல் வேண்டாம். ஓடுகிற எஞ்சின் வேண்டும். அதன் பக்கத்தில் ஒரு பல்பு, ஒரு ஃபீலர் கேஜ், ஒரு பழைய மெக்கானிக்குக்கு ஒரு நாற்காலி. மாணவர்கள் ஆளுக்கு ஒரு தடவை டைமிங் வைக்கட்டும். பேரிங் மாறும், பெட்ரோல் மாறும், நாளைக்கு மோட்டாரும் பேட்டரியுமே மிஞ்சும். அப்போதும் எதையாவது எப்போது தொடங்குவது என்கிற கேள்வி இருந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்த சந்திப்பில் அந்த எஞ்சின் ஓடுகிற சத்தத்தில் நாம் பேசிக்கொள்வோம். வாழ்க நம் கல்லூரி.